சில்லறைக்கு வட்டம்

1809 ஜனவரியில், மெட்ராஸுக்கு வரவேண்டிய சில்லறை இங்கிலாந்தில் கென்ட் கரைக்கு எதிரே கடலில் மூழ்கியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் புறப்பட்ட கொஞ்ச நாளிலேயே புயலில் சிக்கி, குட்வின் மணல்திட்டில் மோதி உடைந்தது. உள்ளே 40 டன்னுக்கு மேல் செப்புக் காசு. எல்லாம் பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில் அடித்த 10 காசு, 20 காசு நாணயங்கள். அந்தக் காலத்து மெட்ராஸில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. வராகனில் வியாபாரம் செய்தவருக்கு அந்தக் கப்பலால் ஒன்றும் குறைந்திருக்காது. கீரைக்கும் வெற்றிலைக்கும் காசு எண்ணியவருக்குத்தான் அது குறை.

நான் பிறந்து வளர்ந்தது அதே மெட்ராஸில், தங்கசாலைத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில். தெருவின் பெயருக்குக் காரணமான நாணயச்சாலையை 1869-லேயே மூடிவிட்டார்கள். அந்த வளாகம் பிறகு அரசு அச்சகமானது. அப்போதிருந்து இந்த ஊருக்கான சர்க்கார் காசு எங்கேயோ தொலைவிலிருந்துதான் வந்தது. நாணயச்சாலையின் பெயரைச் சுமக்கும் தெருவில்தான் என் அப்பா சில்லறைக்கு அலைந்தார்.

அப்பா இஸ்திரி வண்டி வைத்திருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் சட்டைக்கு 40 பைசா, புடவைக்கு 75 பைசா. இரண்டு சட்டை தேய்த்துக் கொடுத்தால் 80 பைசா. வருவது ஒரு ரூபாய். 20 பைசா திருப்பித் தரவேண்டும், அது இருக்காது. “பரவால்லப்பா, அடுத்த தடவை கழிச்சுக்கலாம்” என்று போகிறவர்கள் உண்டு. ஐந்து ரூபாய்த் தாளை நீட்டி, “சில்லறை இல்லப்பா, நாளைக்குச் சேத்து வாங்கிக்கோ” என்று தாளைத் திரும்ப மடித்துக்கொள்கிறவர்கள் அதைவிட அதிகம். வண்டியின் பக்கப் பலகையில் கரித்துண்டால் கோடு கிழித்து வைப்பார். மழை பெய்தால் கோடு போய்விடும், கடனும் அதோடு போய்விடும்.

கந்தகோட்டம் கோயில் வாசலில் உட்காரும் ஒரு பாட்டிதான் அப்பாவுக்கு வங்கி. பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்தால் ஒன்பதரை ரூபாய்க்குச் சில்லறை எண்ணித் தருவார். மிச்சம் எட்டணா அவருடைய வட்டம். அப்பா அதில் பேரம் பேசி நான் பார்த்ததில்லை. நிஜ வங்கியில் போய்க் கேட்டால் காசாளர் நிமிர்ந்தே பார்க்கமாட்டார். பாட்டியாவது, “வா ராசா, எவ்ளோ வேணும்?” என்று கேட்பார்.

காசு ஏன் இல்லாமல் போகிறது என்பதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. காசிலுள்ள உலோகத்தின் விலை அதன் முகமதிப்பை நெருங்கினால், காசு கல்லாவை விட்டு உலைக்கோ பானைக்கோ போய்விடும். முதல் உலகப்போரில் வெள்ளி விலை ஏறியபோது, சர்க்கார் 1917 நவம்பரில் ஒரு ரூபாயைத் தாளில் அச்சிட்டது. 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய்க்குக்கூட ஒரு தாள் வந்தது! இரண்டாம் உலகப்போரில் அவதி காலணா வரைக்கும் இறங்கியது. ராஜஸ்தான், கத்தியவார் பக்கத்துச் சமஸ்தானங்கள் அட்டைத் துண்டுகளில் முத்திரை குத்திக் காசாக விட்டன. பிரிட்டிஷ் இந்தியா செம்பை மிச்சம்பிடிக்க, 1943-ல் காலணாவின் நடுவில் ஓட்டை போட்டது. ஐந்து கிராமுக்குச் சற்றே குறைந்த பழைய காலணா இரண்டு கிராமுக்கு இளைத்துவிட்டது. லாகூரில் புது நாணயச்சாலை திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் அடித்து வாங்கினார்கள். அந்த ஓட்டைக் காலணாவை என் பாட்டி அப்பாவின் அரைஞாணில் கோத்துக் கட்டியிருந்தாராம். அப்படி எத்தனை வீட்டுப் பிள்ளைகளின் இடுப்பில் நாட்டின் சில்லறை ஓடியாடிக்கொண்டிருந்ததோ!

1957 ஏப்ரல் 1 அன்று வந்த நயா பைசாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பள்ளியில் அதை எளிமை என்று சொல்லிக் கொடுத்தார்கள். பதினாறு அணாவுக்கு நூறு பைசா என்றால் ஒரு அணா ஆறேகால் பைசா. கால் பைசா என்று ஒரு காசு கிடையாது. ஆகவே ஒரு அணாவுக்கு 6 பைசா, காலணாவுக்கு 2 பைசா என்று முழு எண்ணாக்கினார்கள். ஒரு அணாவுக்கு மொத்தமாக வாங்கினால் 6 பைசா. அதையே நாலு தடவையாகக் காலணாவுக்கு வாங்கினால் 8 பைசா. நாலு வேளையும் தனித்தனியாகக் காலணாவுக்கு எண்ணெய் வாங்குகிற வீடு எது என்று சொல்லவேண்டியதில்லை. இந்த முழு எண்ணாக்கலைத் தீட்டியவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் காலணாவுக்கு எதையும் வாங்கிப் பழகாதவர்கள், அவ்வளவுதான்.

1971-ல் சிறு நாணயங்களை உருக்கினாலும், தேவைக்கு மேல் பதுக்கினாலும் குற்றம் என்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அப்பாவுக்குச் சில்லறை தந்த பாட்டிகூட அந்தச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியாக இருந்திருக்கக்கூடும். பதுக்கலுக்குத் தண்டனை கொடுத்தால் காசு பெருகிவிடுமா? உள்நாட்டு ஆலைகளால் ஈடுகொடுக்க முடியாமல், 1985-ல் ஒரு ரூபாய் நாணயத்தை மறுபடியும் பிரிட்டனில் அடிக்கக் கொடுத்தார்கள். ஆண்டு எண்ணுக்குக் கீழே பொடியாக ‘எச்’ எழுத்து இருந்தால் அது பர்மிங்காம் சரக்கு. ஏறத்தாழ அதே சமயத்தில்தான் குட்வின் மணல்திட்டில் மூழ்காளர்கள் இறங்கி, அட்மிரல் கார்ட்னரின் செப்புக் காசுகளை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். மெட்ராஸுக்கு அனுப்பிய சில்லறை ஏறக்குறைய 176 வருஷம் கழித்துக் கரையேறி, நாணயம் சேர்ப்பவர்களுக்கு விலைபோனது.

பிறகு வந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். துருப்பிடிக்காத எஃகுக் காசுகள் வங்கதேசத்துக்குக் கடத்தப்பட்டுச் சவர பிளேடு ஆகின்றன என்று 2007-ல் செய்தி வந்தது. 2011 ஜூன் 30-லிருந்து நாலணா செல்லாது என்றார்கள். எட்டணாவுக்கு அந்த அறிவிப்புக்கூடத் தேவைப்படவில்லை. சட்டப்படி செல்லும் காசைக் கடைக்காரர்களே தள்ளிவிட்டார்கள். பத்து ரூபாய் நாணயத்துக்கோ வதந்தியே போதுமானதாக இருந்தது. அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கியும், நம்மூர்ப் பெட்டிக்கடைகளில் கையை மடக்கிக்கொண்டவர்கள் ஏராளம்.

அப்பா நின்ற இடத்தில் இப்போது வேறொருவர் வண்டி போட்டிருக்கிறார். கரிப்பெட்டி போய் கேஸ் இஸ்திரிப்பெட்டி வந்துவிட்டது, பக்கப் பலகையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. முதியவர்கள் மட்டும் ஏடிஎம் தந்த 500 ரூபாய்த் தாளை நீட்டுகிறார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு எதிர்ப் பழக்கடைக்கு ஓடுகிறார். பழக்கடைக்காரர் வட்டம் பிடிப்பதில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினால்தான் கல்லாவைத் திறக்கிறார்.