டைபாய்டு காய்ச்சல்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தடுப்பும் கட்டுப்பாடும்

டைபாய்டு காய்ச்சல் என்பது சால்மொனெல்லா டைஃபி என்னும் நுண்கிருமி சிறுகுடலின் வழியே இரத்தத்தில் புகுந்து உண்டாக்கும் கடுமையான சுரநோய். தமிழ்நாட்டில் குடற்காய்ச்சல், விஷக்காய்ச்சல் என்றும், யாழ்ப்பாணத்தில் நெருப்புக் காய்ச்சல் என்றும் இதனை வழங்குவர். இதன் கிருமிக்கு மனித உடலையன்றி வேறொரு பிராணி இருப்பிடமாவதில்லை என்பது இந்நோயின் விசேஷம். ஈ சுமந்து வந்து உணவில் வைத்தாலும் அது சுமந்து வந்தது மனிதனுடைய கழிவையே. ஆகையால் ஓர் ஊரில் இக்காய்ச்சல் அடிக்கடி தலைகாட்டுகிறதென்றால், அவ்வூராருடைய மலஜலம் ஏதோ ஒரு வழியாக அவர்கள் பருகும் நீரிலும் உண்ணும் உணவிலும் கலந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். கிருமியை எவரும் கண்ணால் காணுமுன்னரே இவ்வுண்மையை வற்புறுத்தியவர் இங்கிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம் பட். 1873-ல் அவருடைய நூல் வெளிவந்த ஏழாண்டுகளுக்குப் பின் ஏபர்த் கிருமியைக் கண்டார். 1884-ல் காஃப்கி அதனைத் தனியே வளர்த்துக் காட்டினார்.

கிருமி உட்புகுந்து பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்கள் சென்றபின், படிப்படியாக ஏறும் காய்ச்சலும், தலைவலியும், நாவில் வெண்படலமும், வயிற்று உபாதையும் தோன்றும். சிகிச்சையின்றி விட்டால் மூன்றாம் வாரத்தில் குடலில் இரத்தக்கசிவும், சிலருக்குக் குடல் துளைபடுதலும் நேர்ந்து, நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேர் வரை உயிரிழக்கக்கூடும். குணமடைந்தோருள் ஒரு சிறு பகுதியினரின் பித்தப்பையில் கிருமி நிலையாகத் தங்கிவிடுகிறது. அவர்கள் பூரண ஆரோக்கியத்துடன் நடமாடிக்கொண்டே பல ஆண்டுகள் கிருமியை வெளியேற்றிவருவர். நியூயார்க் நகரில் 1907-ல் கண்டறியப்பட்ட சமையற்காரி மேரி மாலன் இதற்கு உலகறிந்த உதாரணம். கோயில் அன்னதானத்திலும் கல்யாணப் பந்தியிலும் நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே கையால் பரிமாறும் நம் நாட்டில், சமையல் செய்வோர் மலங்கழித்தபின் சோப்பிட்டுக் கை கழுவுதல் தனிமனித ஒழுக்கமாக மட்டும் நில்லாமல் ஊர்ப்பாதுகாப்பாகவும் ஆகிறது.

முன்னாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் அங்கங்களாயிருந்து, 1995-ல் பெரம்பலூரும் 2007-ல் அரியலூரும் தனி மாவட்டங்களாக நிலைபெற்ற இப்பிரதேசம், வடக்கே வெள்ளாற்றுக்கும் தெற்கே கொள்ளிடத்துக்கும் இடையே பரந்து கிடப்பது. மேற்கே பச்சைமலையை அடுத்த பகுதி கடும்பாறை நிலம். கிழக்கே செல்லச்செல்ல, கிரிடேசியஸ் யுகத்துக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல் படுகைகள் தோன்றுகின்றன. சிமெண்டு ஆலைகளை இங்கு வரவழைத்த இச்சுண்ணாம்புக்கல் சுகாதார அதிகாரிக்கு ஓர் எச்சரிக்கை. மணலினூடே இறங்கும் நீர் மெல்ல மெல்ல வடிகட்டப்பட்டுத் தூய்மையடைகிறது; வெடிப்பும் பொந்தும் உள்ள சுண்ணாம்புக்கல்லிலோ கழிவறைக் குழியிலிருந்து கசிவது வடிகட்டப்படாமலே நெடுந்தூரம் ஓடிக் கிணற்றை எட்டிவிடக்கூடும். குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பதடி இடைவெளி போதும் என்னும் பொதுவிதி மண் நிலத்துக்குப் பொருந்துமேயன்றி, வெடிப்புப் பாறைக்குப் பொருந்தாது. இதே அபாயத்தை, கிணற்று நீரையே நம்பி வாழும் யாழ்ப்பாணக் குடாநாடு தன் சுண்ணாம்புத் தரையினால் நெடுங்காலமாக அனுபவித்து வருகிறது. இலங்கையில் இந்நோய் மிகுந்து காணப்படும் பகுதிகளுள் அதுவும் ஒன்று. ஆகவே வீடுதோறும் கழிவறை கட்டுவித்தது பெரும் நன்மையாயினும், சுண்ணாம்புக்கல் நிலத்தில் அடியில் பூசப்படாத குழியைத் தோண்டிவிட்டு அருகிலேயே கிணறு வைத்துக்கொள்வது தீமையை மண்ணுக்கு மேலிருந்து மண்ணுக்குக் கீழே மாற்றுவதாகவே முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இக்குறையை ஈடுசெய்வது கொள்ளிடம். அதன் மணற்படுகையில் கிணறுகள் இறக்கி, இயற்கையே வடித்துக் கொடுக்கும் நீரைக் குழாய் வழியே ஊர்களுக்குச் செலுத்தும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் இவ்விரு மாவட்டங்களிலும் உள்ளன. ஆயினும் ஊற்றில் தூய்மையாயிருந்த நீர் வீட்டுக் குடத்தை அடையுமுன் கெடுவதற்கு இடங்கள் பல. நாள் முழுதும் நீர் ஓடாத குழாயில், ஓட்டம் நின்றதும் அழுத்தம் தாழ்ந்து, இணைப்பு இற்றுப்போன இடங்களில் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. நீர் மேலேறி வராத தெருக்களில் மக்கள் வாசலில் குழி தோண்டித் தரைமட்டத்துக்குக் கீழே குழாய் பொருத்திப் பிடிக்கின்றனர். மழை பெய்து அக்குழி நிரம்பினால் அழுக்குநீர் குழாய்வாயை மூடி நிற்கும். நீர் வரும் நேரத்தைக் கூட்டினாலன்றி அக்குழிகளைத் தூர்க்கச் சொல்வதில் நியாயமில்லை.

மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கலக்கும் காரியத்தை ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர் செய்கிறார். அரிய மருந்துகளைக் காட்டிலும் அதிகமான உயிர்களைக் காப்பது அவருடைய கை. நூற்றுக்கு முப்பத்துமூன்று பங்கு குளோரின் உள்ள நல்ல தூளானால் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம், அதாவது 30,000 லிட்டர்த் தொட்டிக்கு 75 கிராம் வேண்டும். நீர் கலங்கலாயிருந்தால் இன்னும் கூடுதலாக வேண்டும். தூளை வாளியில் குழைத்து நீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்தே திறந்துவிட வேண்டும். கடைக்கோடிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதே முடிவான சோதனை. வாய் கட்டாத சாக்கில் ஈரம்பட்டுக் கிடக்கும் தூள் தன் வீரியத்தை இழந்துவிடுவதால், அளவு தப்பாமல் போட்டும் பயனற்றுப்போகும் ஊர்கள் உண்டு. வீட்டுக் கிணற்றுக்கு நாகபுரி ஆராய்ச்சி நிலையம் வகுத்த இரட்டைப் பானை முறை எளியது: ஒரு கிலோ தூளையும் இரண்டு கிலோ பருமணலையும் பிசிறித் துளையிட்ட சிறு பானையில் நிரப்பி, அதனைத் துளையுள்ள பெரிய பானைக்குள் வைத்து வாய் கட்டி, நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே தொங்கவிட்டால், இரண்டு மூன்று வாரங்கள் குளோரின் மெல்லக் கசிந்துகொண்டிருக்கும்.

நோயறியும் முறை குறித்து ஒரு வருத்தம் உண்டு. 1896-ல் தோன்றிய வைடால் சோதனையை ஒரே ஒரு முறை செய்துவிட்டு டைபாய்டு என்று முடிவு கட்டும் வழக்கம் பரவலாயிருக்கிறது. முன்பு வந்துபோன தொற்றும், வேறு காய்ச்சல்களும்கூட அதில் குறி காட்டக்கூடும். மருந்து தொடங்குமுன் இரத்தத்தை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதே நம்பத்தக்கது. 1948-ல் குளோராம்பெனிகால் வந்தபோது இந்நோயின் பயம் பெரிதும் நீங்கிற்று. 1990-ஐ ஒட்டி அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் இந்தியாவில் பரவின. பின்வந்த சிப்ரோபிளாக்சசினும் இன்று பெரும்பாலும் பலன் இழந்துவிட்டது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நடுவே நிறுத்துவதும், கடையில் தாமாகவே வாங்கி விழுங்குவதும் மீந்திருக்கும் மருந்துகளின் ஆயுளையும் குறைக்கின்றன.

இவ்வட்டாரத்தார் பலர் பிழைக்கச் சென்றிருக்கும் சிங்கப்பூர் என்னும் சிறு தீவு இந்நோயை அடக்கிய விதம் கவனிக்கத்தக்கது. அங்கே 1968-ல் சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றி, தெருவோர உணவுக்கடைகளை 1970-களிலும் 1980-களிலும் குழாய்நீரும் சாக்கடையிணைப்பும் கொண்ட நிலையங்களுக்கு மாற்றி, உணவு கையாள்வோருக்குத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கி, மலவாளி முறையை 1987-ல் அறவே ஒழித்தனர். இப்போது அங்கு காணும் நோயாளிகளுள் பெரும்பாலோர் வெளிநாட்டில் தொற்றுப் பெற்று வந்தவர்களே. சட்டத்தில் நாம் முந்தியவர்கள்: குடிநீர் ஆதாரங்களைக் காக்க அதிகாரிகளுக்கு அதிகாரமளித்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939-லேயே வந்தது, குழாயும் சாக்கடையும் போடுவதில்தான் பின்தங்கினோம்.

ஹைதராபாத்தில் தயாராகும் புதிய இணைவகைத் தடுப்பூசியை 2018-ல் உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதக் குழந்தை முதல் ஒரே ஊசியாகப் போடச் சிபாரிசு செய்தது. அவ்வாண்டே நவி மும்பை மாநகராட்சி தன் குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. பழைய ஊசி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படாது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை திரும்பப் போடவும் வேண்டும். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்பும் குடும்பங்கள் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஊசி போட்டுக்கொள்வது உசிதம்.