ஒன்றரை டன் ஏசியில் அந்த டன் எங்கே?

ஏசி கடைக்குள்ள நுழைஞ்சா முதல் கேள்வியே "ஒரு டன்னா, ஒன்றரை டன்னா?" என்பதுதான். ரெண்டு பேர் தூக்கிட்டு வந்து மாட்டிட்டுப் போற பெட்டிக்கு ஏது ஒன்றரை டன்? அது மெஷினோட எடை இல்லைங்க. ஐஸோட எடை.

19-ஆம் நூற்றாண்டில் குளிர்ச்சி என்பது வெட்டி எடுத்து விற்கிற சரக்கு. பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர், மாசசூசெட்ஸ் ஏரிகள் பனிக்காலத்தில் உறைந்ததும் அதைப் பாளம் பாளமா அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பல் ஏத்தினார். 1806-ல் கரீபியன் தீவான மார்டினிக்குக்கு முதல் சரக்கு போச்சு. 1833-ல் 'டஸ்கனி' என்கிற கப்பல் சுமார் 180 டன் ஐஸோட பாஸ்டனை விட்டுக் கிளம்பி, நாலு மாசம் கழிச்சு கல்கத்தா வந்து சேர்ந்தது. வழியில் கரைஞ்சது போக சுமார் 100 டன் மிச்சம். வெப்பமண்டலக் கடலைத் தாண்டி வந்தும் பாதிக்கு மேல் மிச்சம்!

எப்படி? ஒரு கிலோ ஐஸ் சும்மா உருகறதுக்கே 334 கிலோஜூல் வெப்பம் வேணும். அதே வெப்பத்தை ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணிக்குக் கொடுத்தா, பூஜ்யம் டிகிரியிலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிக்கு ஏறிடும். கை வைக்க முடியாத சூடு. அவ்வளவையும் விழுங்கின பிறகும் ஐஸ் வெறும் பூஜ்யம் டிகிரி தண்ணியாத்தான் நிக்கும். டியூடர் விற்றது உண்மையில் இந்தப் பசியைத்தான்.

இந்த வியாபாரம் சென்னைக்கும் வந்தது. மெரினாவுக்கு எதிரே இருக்கிற விவேகானந்தர் இல்லம் 1840-களில் டியூடரின் ஐஸ் கிடங்கா கட்டப்பட்டது. 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். 'ஐஸ் ஹவுஸ்' என்கிற பேர் மட்டும் இன்னும் போகலை.

அப்புறம் ஐஸ் இயந்திரம் வந்தது. ஃபுளோரிடாவில் காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க முயன்ற டாக்டர் ஜான் கோரி, 1851-ல் ஐஸ் தயாரிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அவரால் அதை விற்க முடியலை, நொடிஞ்சுபோய் 1855-ல் இறந்தார். ஆனா பிறகு வந்தவங்க விற்றாங்க. வாங்குறவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது: "இது ஒரு நாளைக்கு எத்தனை டன் ஐஸுக்குச் சமம்?" அளவு அங்கேயே பிறந்துடுச்சு. ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகினா எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அதே வேகம்தான் 'ஒரு டன்'. இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட்.

இப்ப நம்ம வீட்டுக்கு வருவோம். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் 8 மணி நேரம் ஓடினா, ஏறக்குறைய 450 கிலோ ஐஸ் செய்யற வேலையைச் செய்யுது. ஒரு ராத்திரிக்கு கிட்டத்தட்ட அரை டன்! டஸ்கனி கொண்டுவந்து இறக்கின மொத்த ஐஸும், இந்தக் கணக்குப்படி ஒரே ஒரு பெட்ரூமுக்கு ஏழு மாசம் போல வரும். கல்கத்தா மொத்தமும் வேடிக்கை பார்த்த சரக்கு அது.

இதுக்கு ஏசி இழுக்கற மின்சாரம் சுமார் ஒன்றரை கிலோவாட்தான், ராத்திரிக்கு 12 யூனிட். அகற்றுற வெப்பமோ 5 கிலோவாட்டுக்கும் மேல. இதுல மாயம் எதுவும் இல்லை. ஏசி குளிரை 'உண்டாக்குறது' இல்லை, வெப்பத்தை உள்ளேயிருந்து வெளியே நகர்த்துது, அவ்வளவுதான்.

ஆனா இங்கேதான் அந்தப் பழைய டன் ஒரு விஷயத்தை மறைக்குதுன்னு எனக்குத் தோணுது. ஐஸ் வாங்கின காலத்தில் அறையின் வெப்பம் உருகின தண்ணியோட சாக்கடைக்குப் போச்சு. ஏசியில் அறையின் வெப்பமும் அது தின்ற மின்சாரமும் சேர்ந்து, ஏழு கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவா, வெளியில் தெருவுக்குப் போகுது. மூணு கீசரைச் சேர்த்துப் போட்ட சூடு அது. ஒரு சந்துல நாற்பது வீடு இருந்து, அத்தனை அவுட்டோர் யூனிட்டும் அந்தச் சந்தைப் பார்த்தே மாட்டியிருந்தா, நூத்தி இருபது கீசர். ஏசி இல்லாத மாடி அறையில் ஜன்னலைத் திறந்து வெச்சுப் படுக்கிறவருக்கு உள்ளே வர்ற காத்து அதுதான்.