தலைப்பு: முகவரியா, முன்தீர்ப்பா?

1972-இல் ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் வெளியிட்ட ஆய்வொன்றில், கேட்போருக்கு ஒரு பத்தி வாசித்துக் காட்டப்பட்டது. பொருள்களைக் குவியல்களாகப் பிரிக்க வேண்டும், ஒரே தடவையில் அளவுக்கு மீறிச் சேர்க்கக் கூடாது, தவறினால் செலவு கூடும் என்று போகிறது அது. சொற்கள் எல்லாம் எளியவை; விஷயம் மட்டும் பிடிபடாது. துணி துவைப்பதைப் பற்றியது என்று முன்னரே அறிந்தவர்களுக்கு அது விளங்கியது, நினைவிலும் தங்கியது. கேட்டு முடித்த பின் தலைப்பை அறிந்தவர்களோ, கடைசிவரை தலைப்பையே அறியாதவர்களைவிட மேம்பட்டுவிடவில்லை.

தலைப்பு முன்னே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆனால் புறநானூற்றைத் தொகுத்தவர்கள் நேர்மாறாகச் செய்திருக்கிறார்கள். அங்கே பாட்டுக்குத் தலைப்பில்லை. திணை, துறை, பாடியவர், பாடப்பட்டோர் என எல்லாக் குறிப்பும் பாட்டு முடிந்த பிறகே வருகின்றன. இது அவர்களது கவனக்குறைவு அன்று. தலைப்புக்கு இரண்டு வேலைகள் உண்டு: ஒன்று, பகுதி எங்கே இருக்கிறது என்று காட்டுவது, மற்றது, அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்வது. முன்னது முகவரி, பின்னது முன்தீர்ப்பு. பழந்தொகைகள் பெரும்பாலும் முன்னதை வலுவாக்கின, பின்னதை அடக்கி வைத்தன.

ஓலைச்சுவடியில் கண்ணுக்குக் கிடைக்கும் துணை மிகக் குறைவு. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. ஓலை கிழியும் என்பதால் புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. செய்யுளடிகள்கூட உரைநடைபோல ஒரே ஓட்டமாக ஓடும். ஓரத்தில் ஏட்டெண், நடுவே கயிற்றுத் துளையைச் சுற்றி விட்ட வெற்றிடம், பாட்டெண் என்று சிலதான் மிஞ்சும். ஆகவே எண் மீதே அதிகச் சுமை விழுந்தது.

அந்தச் சுமையை அகநானூறு தாங்கியிருக்கும் விதம் வியப்பூட்டுவது. அதில் ஒற்றைப்படை எண் எல்லாம் பாலை. 2, 8 என முடிந்தால் குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்து, இருபது என வருபவை நெய்தல். 147 என்றதும் பாலை என்றும், 396 என்றதும் மருதம் என்றும் பாட்டைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். இடம் மாறிக் கிடக்கும் பாட்டொன்றை அதன் பொருளும் எண்ணும் ஒன்றையொன்று சரிபார்த்துக் காட்டிக் கொடுக்கும். தேடுவதற்கென்றே கட்டிய அமைப்பு என்று இதைக் கொள்ளலாம்.

திருக்குறளில் நிலைமை வேறு. 133 அதிகாரங்களுக்கும் பெயர்கள் முன்னே நிற்கின்றன. குறளின் பொருளை அவை கட்டுப்படுத்தவும் செய்கின்றன. முகவரியோ நாம் நம்பும் அளவுக்கு உறுதியானதன்று. அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை உரையாசிரியர் மணக்குடவரிடம் ஒன்று, மற்றோர் உரையாசிரியரான பரிமேலழகரிடம் வேறொன்று. இன்று நாம் சொல்லும் குறள் எண், நடைமுறையில் பரிமேலழகர் வைப்புமுறை.

உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டபோது அந்தப் பின்குறிப்புகளை அவற்றின் இடத்திலேயே விட்டார். பின்வந்த எளிய பதிப்புகள் சில குறிப்புகளைத் தலைக்கு ஏற்றி, பதிப்பாசிரியர் சொந்தமாகப் புனைந்த தலைப்பையும் சேர்த்தன. புதிய வாசகருக்கு இது உதவிதான், மறுக்க வேண்டியதில்லை. விலை என்ன என்பதே கேள்வி. கணியன் பூங்குன்றனாரின் 192-ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். அதன் துறை பொருண்மொழிக் காஞ்சி. தீதும் நன்றும் பிறரால் வருவதில்லை, சாவு புதிதன்று, ஆற்று நீரில் போகும் தெப்பம்போல உயிர் முறைவழிப் போகும். ஆதலால் பெரியோரை வியக்கவும் வேண்டாம், சிறியோரை இகழ்வது அதனினும் கூடாது என்பது அதன் போக்கு. அதற்கு ‘உலக ஒருமைப்பாடு’ என்று தலைப்பிட்டால் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற முதலடி மட்டும் ஒளிரும். தெப்பம் இருட்டில் போய்விடும். மேடைகளில் நடப்பதும் அதுதான்.

கணினியில் இந்தச் சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. எழுத்தைத் தடிப்பாக்கினால் கண்ணுக்குத் தலைப்பாகிவிடும். பொறிக்கு அது வெறும் தடித்த எழுத்து. என்விடிஏ போன்ற திரைவாசிப்பானில் பார்வையற்ற வாசகர் ‘ஹெச்’ விசையைத் தட்டி ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறார். தலைப்பு என்று முறையாகக் குறிக்காத கோப்பில் தாவ இடமே இருக்காது. சங்க நூல்களை மின்பதிப்பாக்குவோர் எண், திணை, துறை, புலவர் பெயர் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே குறியிட வேண்டும். பதிப்பாசிரியர் சூட்டிய தலைப்பை, அது அவருடையது என்று தெரியும்படி வேறாக வைக்க வேண்டும்.

எழுத்துக்கோப்பிலும் இதே கண்டிப்பு தேவை. ‘ஔ’ என்பது ஒருங்குறியில் ஒரே எழுத்து. பலரும் ‘ஒ’வையும் ‘ள’வையும் அடுத்தடுத்துத் தட்டி ‘ஒள’ என்று ஆக்கிவிடுகிறார்கள். கண் வேறுபாடு காணாது, தேடுபொறி காணும். புறநானூற்றில் ஔவையார் பாடியவை 33. அவை அவருடையவை என்று சொல்வது பாட்டுக்குக் கீழே உள்ள பின்குறிப்புதான். அந்தக் குறிப்புகளில் பெயரின் முதலெழுத்து இரண்டு எழுத்துகளாகத் தட்டப்பட்டிருந்தால், சரியாகத் தட்டித் தேடுபவருக்கு அவற்றில் ஒன்றுகூடக் கிடைக்காது.