பிறர் சுவரில் ஊரின் அறிவிப்பு

உள்ளாட்சி மன்றங்கள் சமூக ஊடகங்களுக்குள் நுழைந்த கதையைப் பலரும் தொழில்நுட்பத்தின் வரலாறாகவே எழுதுகின்றனர். ஊருக்கும் அதை ஆள்வோருக்கும் இடையே நிகழ்ந்த உரையாடலின் வரலாறாகவே நாம் அதை வாசிக்க விரும்புகிறோம். அவ்வாசிப்புக்கு ஸ்பெயின் நல்ல சான்று.

ஸ்பெயினின் சிற்றூர்களில் 20ஆம் நூற்றாண்டிலும் 'ப்ரெகோனெரோ' என்னும் ஊர் அறிவிப்பாளர் இருந்தார். சிறு ஊதுகொம்பை ஊதி ஆள் கூட்டி, மேயரின் ஆணையை உரக்கப் படிப்பது அவர் பணி. நம் தண்டோராவை அறிந்தவர்களுக்கு இக்காட்சி அந்நியமானதன்று. மேயரின் ஆணைக்கு அங்கே 'பாண்டோ' என்று பெயர். அது சுவரிலும் ஒட்டப்படும். 1979 முதல் 1986இல் மறையும்வரை மாட்ரிட் மேயராக இருந்த பேராசிரியர் என்ரிகே தியெர்னோ கல்வான் இந்த வறண்ட வடிவத்தை இலக்கியமாகவே ஆக்கினார். நகரத் தூய்மை பற்றியும் 1982 உலகக் கோப்பைக் கால்பந்து பற்றியும் பழங்காஸ்திலிய நடையில் அவர் எழுதிய அறிவிப்புகளை மக்கள் சுவைத்துப் படித்தனர். ஆயினும், எத்துணை இனிய நடையில் எழுதப்பட்டாலும் சுவரொட்டியிடம் எவரும் மறுமொழி சொல்ல இயலாது.

அக்குறையைத் தீர்க்க முனைந்தது கிரனாடா நகருக்கு அருகிலுள்ள ஹுன் என்னும் ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 3,500. அதன் மேயர் ஹொசே அந்தோனியோ ரோட்ரிகெஸ் சலாஸ் 2011 முதல் ஊர் நிர்வாகத்தை ட்விட்டர் வழியே நடத்தலானார். குடிமக்கள் ஊர் மன்றத்துக்கு வந்து தம் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டனர். காவலரின் சீருடையில் அவருடைய ட்விட்டர் பெயர் இடம்பெற்றது. 2014 ஜூனில் ஓர் இரவு 10.48 மணிக்குத் தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் எழுதினார். மேயர் ஒன்பது நிமிடத்தில் மறுமொழி தந்து, மின்பணியாளரையும் அதில் குறிப்பிட்டார். மறுநாள், எரியும் விளக்கின் படத்தை அப்பணியாளரே வெளியிட்டார். தெருப் பெருக்குபவரும் தம் வேலையைப் படமெடுத்துப் பகிர்ந்து ஊரறிந்தவரானார்.

அதுவரை பெயரற்று உழைத்தவருக்கு ஊர் நடுவே ஒரு முகம் கிடைத்ததே இதில் பெரிய மாற்றம் என்று கருதுகிறோம். முறையீடும் அதற்கான பதிலும் எல்லோர் முன்னும் நிகழும்போது கோப்பை அமுக்கி வைப்பது எளிதன்று.

ஆனால் மகிழ்ச்சியோடு ஓர் ஐயத்தையும் பதிவு செய்ய வேண்டும். ஹுன் ஊரின் சோதனையை ஆராய்ந்து 2015இல் உலகறியச் செய்தவர்கள் எம்.ஐ.டி.யின் சமூக எந்திர ஆய்வகத்தார். அந்த ஆய்வகத்தைத் தொடங்க ஒரு கோடி டாலர் அளித்தது ட்விட்டர் நிறுவனம். ஊர் கூடிப் பேசிய திண்ணை ஒரு வணிக நிறுவனத்தின் உடைமை என்பதை அன்று பலர் பொருட்படுத்தவில்லை.

2022 அக்டோபரில் அந்த உடைமை கைமாறியது. 2023 ஜூலையில் அதன் பெயரும் 'எக்ஸ்' ஆனது. இடையில், 2023 ஏப்ரலில், தானியங்கிப் பதிவுகளுக்கான இணைப்பு வசதிக்குப் பெருங்கட்டணம் விதிக்கப்பட்டதால் நியூயார்க் பெருநகரப் போக்குவரத்து ஆணையம் ரயில், பேருந்து அறிவிப்புகளை அங்கே நிறுத்தியது. மே மாதத் தொடக்கத்தில் பொதுச் சேவைகளுக்குக் கட்டண விலக்கு வந்த பின்னரே அவை திரும்பின. ரயில் தாமதமாகும் செய்தி பயணியை அடைவதா இல்லையா என்பதை, எந்த வாக்காளருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத ஒரு நிறுவனம் சில நாட்கள் தீர்மானித்தது.

ப்ரெகோனெரோவின் கொம்பு சிறியது. அதன் ஒலி இரண்டு தெருக்களைத் தாண்டாது. ஆனால் அது ஊரின் கொம்பு. மறுமொழிக்கு இடமளித்த புதிய சுவரை உள்ளாட்சிகள் பயன்படுத்துவதில் தவறில்லை. அதே செய்தியைத் தமக்குச் சொந்தமான இன்னொரு சுவரிலும் எழுதி வைப்பது அவற்றின் கடமை. ஹுன் ஊரின் விளக்கு அணைந்தபோது அதை ஏற்ற ஊரிலேயே ஓர் ஆள் இருந்தார். சுவரே மறையுமானால் யாரிடம் முறையிடுவது?