ஜவ்வாது மலை: கொள்ளைநோய் ஆயத்தமும் சமூக அறிவியலும்

கொள்ளைநோய் ஆயத்தம் என்பது, பெருந்தொற்று வருமுன்பே அதைக் கண்டறியவும் தடுக்கவும் தாங்கவும் ஒரு சமூகம் செய்துகொள்ளும் ஏற்பாடு. மருந்து, படுக்கை, ஆக்சிஜன், ஆய்வகம் ஆகியவை அதில் ஒரு பாதி. மக்கள் எங்கே பிழைக்கப் போகிறார்கள், யார் சொன்னால் கேட்கிறார்கள், எதற்கு அஞ்சுகிறார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது மறுபாதி. மானிடவியல், சமூகவியல், பொருளியல், மக்கள்தொகையியல் ஆகிய துறைகள் தருவது இந்த மறுபாதியை. வட தமிழகத்தில் திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

நிலமும் மக்களும்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. திருவண்ணாமலை மாவட்டப் பகுதிக்கு ஜமுனாமரத்தூர் தலைமையிடம். ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியத்தில் 11 ஊராட்சிகள் உள்ளன. இங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் ஒத்திருந்தாலும் கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களின் வாய்மொழி மரபு. ஊருக்கு ஊர்க்கவுண்டரும், பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு நாட்டாரும் தலைமை வகிப்பது வழக்கம். ஊர்க்கவுண்டனூர் என்ற பெயரிலேயே ஓர் ஊராட்சி உண்டு.

சாமை, கேழ்வரகு, பலா, புளி, தேன் ஆகியவை மலையின் விளைச்சல். வானம் பார்த்த நிலம் ஆண்டு முழுவதும் சோறு போடாது. அதனால் பலர் கர்நாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் திருப்பூருக்கும் கூலி வேலைக்குப் போய்ப் பண்டிகைக்குத் திரும்புகிறார்கள். மருத்துவமனைக்கு எட்டாத ஊர் தொற்றுக்கு எட்டாத ஊராக இருப்பதில்லை. எந்த மாதம் எந்த ஊர் ஆட்கள் எங்கே இருப்பார்கள் என்ற கணக்கு மருந்துக் கிடங்கின் இருப்புக் கணக்குக்குச் சமமானது.

பழைய கொள்ளைநோய்கள்

1905ஆம் ஆண்டுவாக்கில் திருவண்ணாமலையில் பிளேக் பரவியபோது மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அண்ணாமலையில் தங்கியிருந்த ரமண மகரிஷி அக்காலத்தில் பச்சையம்மன் கோயிலில் சுமார் ஆறு மாதம் இருந்ததாக அவர் வரலாறு கூறுகிறது. திருவிழாக் கூட்டங்களும் காலராவும் சேர்ந்தே வந்த காலம் அது. 1939இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது சுகாதாரச் சட்டம், திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் செய்ய வேண்டிய சுகாதார ஏற்பாடுகளுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியது.

சட்டத்துக்கு முன்பே மக்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்ததும் அக்கம்பக்கத்தார் உள்ளே வரமாட்டார்கள், வீட்டாரும் வெளியே போய்ப் பழகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகே நோயாளி ஊரோடு கலப்பார். மாரியம்மனின் பெயரால் நடந்த இது, நடைமுறையில் தனிமைப்படுத்தலே. ஒதுங்கியிருப்பதை அவமானமாகக் கருதாமல் அம்மனுக்குச் செய்யும் மரியாதையாக ஊர் கருதியதால்தான் அதைக் கடைப்பிடித்தது. 2020இல் தொற்றாளர் வீடுகளில் அறிவிப்புத் தாள் ஒட்டி, தெருவைத் தகரத்தால் அடைத்தபோது பல இடங்களில் விளைந்தது அவமானமும் மறைப்பும். இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாடு மருத்துவ நூலில் கிடைக்காது.

கொரோனா காலம்

தமிழகத்தில் முதல் கொரோனாத் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையில் பரவிய தொற்று, ஊர் திரும்பிய தொழிலாளர்களோடும் வியாபாரிகளோடும் வட மாவட்டங்களுக்கு வந்தது. திருவண்ணாமலையும் அதில் ஒன்று. பௌர்ணமிதோறும் பெருங்கூட்டம் அண்ணாமலையைச் சுற்றி வரும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மாதக்கணக்கில் வெறிச்சோடியது. 2020 நவம்பர் 29 அன்று 2,668 அடி உயர அண்ணாமலையில் மகாதீபம் வெளியூர்ப் பக்தர்கள் இன்றி ஏற்றப்பட்டது.

ஓர் அறை வீட்டில் ஐந்தாறு பேர் படுக்கும்போது 'தனி அறையில் இருங்கள்' என்ற அறிவுரை செல்லாது. கைப்பேசிக் கோபுரம் எட்டாத ஊரில் இணையப் பதிவும் செல்லாது. இத்தகைய இடங்களில் சுமையைத் தாங்கியவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆஷா பணியாளர்களும். தமிழகத்தில் ஆஷா பணியாளர்கள் மலை ஊர்கள் போன்ற எளிதில் எட்ட முடியாத பகுதிகளிலேயே பெரும்பாலும் நியமிக்கப்பட்டுள்ளனர். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி, எந்த வீட்டுப் பிள்ளை வெளியூரில் என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

தடுப்பூசியும் நம்பிக்கையும்

தடுப்பூசி போடும் பணி 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியது. நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்டு, இரண்டு நாளில், ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் மறைந்தார். தடுப்பூசிக்கும் அம்மரணத்துக்கும் தொடர்பில்லை என்று மத்திய ஆய்வுக் குழு பின்னர் அறிவித்தது. ஆனால் பயம் முந்திக்கொண்டது. வதந்தி பரவுவது அறியாமையால் மட்டும் அன்று, அரசோடு பழகிய அனுபவத்தாலும்தான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டதில் இறந்த 20 தமிழகத் தொழிலாளர்களில் திருவண்ணாமலை மாவட்டத்தினரும் இருந்தனர். சீருடையைக் கண்டால் ஒதுங்கும் ஊரில், ஊர்க்கவுண்டரும் தெரிந்த செவிலியரும் முதலில் போட்டுக்கொள்வதே சிறந்த விளம்பரம். நீலகிரியில் பழங்குடி அமைப்புகளையும் தன்னார்வலர்களையும் துணைக்கொண்டு, 2021 ஜூன் இறுதிக்குள் வயதுவந்த பழங்குடியினரில் ஏறத்தாழ அனைவருக்கும் முதல் தவணை போடப்பட்டது.

பிற நாடுகளின் பாடம்

அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் என்னும் கடலோரச் சிற்றூரில் 1918 நவம்பரில் வயதுவந்தோர் 80 பேரில் 72 பேர் இன்ஃபுளுயன்சாவுக்குச் சில நாள்களில் பலியாயினர். யோஹான் ஹல்டின் என்ற ஆய்வாளர் 1951இலும் 1997இலும் ஊராரின் ஒப்புதல் பெற்று, உறைநிலத்தில் புதைந்திருந்த உடல்களிலிருந்து திசு எடுத்தார். அந்த வைரசின் முழு மரபணு வரிசை 2005இல் வெளிவர அது உதவியது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலா பரவியபோது, இறந்தவரைக் குளிப்பாட்டும் சடங்கே தொற்றுக்கு வழியானது. மானிடவியலாளர்கள் ஊராரோடு பேசி, மரியாதை குன்றாத பாதுகாப்பான அடக்கமுறை உருவாக உதவினர்.

ஆயத்தத்தின் கூறுகள்

பருவந்தோறும் புலம்பெயர்வோர் பதிவேடு, ஊர்த் தலைமையுடன் நிலையான தொடர்பு, மலையிலேயே தங்கும் செவிலியர், மக்கள் பேச்சில் அமைந்த அறிவிப்பு, முடக்க காலத்துக்கான உணவும் கூலி இழப்பீடும் ஆகியவை முதன்மையானவை. மாநில அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நாள்பட்ட நோய்களுக்கான மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்தது. அன்றாடம் வரும் இந்தக் கால்களே நோய் வரும் நாளில் நம்பிக்கையின் பாதையாகும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை சாலை. 2023 மே மாதம் வேலூர் மாவட்ட அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த ஒன்றரை வயதுக் குழந்தையின் உடலை, வண்டி போகப் பாதையில்லாமல், தாய் கையில் ஏந்தி நடந்தார். ஒரு குழந்தையைக் காப்பாற்ற வழியில்லாத மலைக்குப் பெருந்தொற்றைத் தாங்கும் ஆயத்தம் இருப்பதாகச் சொல்ல முடியாது. அந்தப் பாதையையும் மக்களைப் பற்றிய அறிவையும் நோய் இல்லாத நாள்களிலேயே அமைத்தாக வேண்டும்.