பெர்லினின் பின்கட்டுகளும் குடித்தனக்காரர்களும்

1862-இல் ஜேம்ஸ் ஹோப்ரெக்ட் வகுத்த தெருத்திட்டம் அகன்ற சாலைகளுக்கு நடுவே ஆழமான மனைகளை விட்டுவைத்ததால், பெர்லினின் மனை உரிமையாளர்கள் தெருவைப் பார்த்த முன்கட்டுக்குப் பின்னால் அடுத்தடுத்துப் பின்கட்டுகளை எழுப்பித் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டனர். தீயணைப்பு வண்டி திரும்புவதற்குப் பக்கத்துக்கு 5.34 மீட்டர் இருந்தாலே உள்முற்றம் போதுமானது என்றது 1853-ஆம் ஆண்டுக் கட்டட விதி. வெளிச்சமும் காற்றும் அந்தக் கணக்கில் சேரவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் இருந்த ஒரே கழிவறையைப் பல குடித்தனங்கள் பகிர்ந்துகொண்டன.

மேற்குப் பெர்லினில் 1963-இல், வில்லி பிராண்ட் மேயராக இருந்தபோது தொடங்கிய முதல் நகர்ப் புதுப்பிப்புத் திட்டம், இக்கட்டடங்களை இடித்து, அங்கிருந்தோரைப் புறநகரின் புதிய அடுக்ககங்களுக்கு அனுப்புவதையே தீர்வாகக் கொண்டது. இடிபடவிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க உரிமையாளர்கள் பணம் போடாததால், குரொய்ட்ஸ்பெர்க் பகுதியில் திடமான வீடுகளும் சிதைந்தன. அவற்றில்தான் துருக்கியத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இடம் கிடைத்தது.

கட்டடக் கலைஞர் ஹார்ட்-வால்ட்ஹெர் ஹேமர், 1970-களில் சார்லோட்டன்பர்க்கின் 118-ஆம் மனைத்தொகுதியில், பின்கட்டுகளை இடிக்காமலும் குடித்தனக்காரர்களைச் சிதறடிக்காமலும், இடித்துக் கட்டுவதைவிடக் குறைந்த செலவில் சீரமைக்க முடியும் என்று காட்டினார். ஆயினும் 1981-இல் ஏறத்தாழ 160 காலி வீடுகளை இளைஞர்கள் கைப்பற்றிக் குடியேறிய பிறகே அரசு அவர் வழிக்கு வந்தது. ‘கவனமான நகர்ப் புதுப்பிப்பு’ எனப்பட்ட அம்முறையின் 12 நெறிகளை 1983-இல் நகரப் பேரவை ஏற்றது. புதுப்பிப்பு அங்கு வாழ்வோருடன் சேர்ந்தே திட்டமிடப்பட வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது.

இந்நெறி நடைமுறையில் கடினமானது. தண்ணீர்க் குழாய்கள் மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் பொதுவாதலால், ஒருவர் கழிவறை கேட்டால் மற்றவரின் இசைவும் வேண்டும். குளியலறையும் வெப்பமூட்டும் வசதியும் வாடகையை உயர்த்துமாதலால், எவ்வளவு வேலை தேவை என்பது வீட்டுக்கு வீடு பேசித் தீர்க்க வேண்டியதாயிற்று. பெருவேலை நடக்கும் வீட்டார் அருகிலேயே மாற்றுவீட்டில் தங்கவைக்கப்பட்டனர். குடியிருப்போரை வேலைக்கு இடையூறாக அல்லாமல், எது தேவை என்று அறிந்தவர்களாக நடத்தியதே ஹேமரின் பெருஞ்சாதனை. அவர் காத்த சுவர்கள்கூட அதற்கு அடுத்தபடிதான்.

அச்சாதனை அரசு நிதியையும் வாடகைக் கட்டுப்பாட்டையும் நம்பி நின்றது. இணைந்த பெர்லினின் கிழக்கே, பிரென்ஸ்லவர் பெர்க்கில், 1990-களில் இதே நெறிகள் தொடர்ந்தபோது அரசு நிதி சுருங்கியதால், வரிச்சலுகை பெற்ற தனியார் முதலீட்டிலேயே பெரும்பாலான வேலை நடந்தது. கட்டடங்கள் காப்பாற்றப்பட்டன, பழைய குடித்தனக்காரர்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர்.