முதுமையும் வரியேடும்

அரசுகளின் வரலாற்றைப் போர்க்களங்களிலே தேடுவோர் பலர்; வரியேடுகளிலே தேடுவோர் சிலர். உழைப்பவனின் முதுகு எங்கே வளைந்தது என்பதை வரியேடே உள்ளவாறு உரைக்கும். அந்த ஏடு முதியவனை எவ்வாறு நடத்திற்று, அவனுக்குத் துணைநின்றவர் யார் என்ற வினாவைக் காரைநகரில் நின்று எழுப்புவோம்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே கடல் நடுவில் நிற்கும் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினர். 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். கோட்டை கைமாறிற்று, குடிகளின் சுமை இறங்கவில்லை. காணிக்கும் ஆளுக்கும் தோம்பு எழுதப்பட்டது. நிலவரி, பத்திலொரு பங்கு, தலைவரி, அதிகாரிவரி எனப் பல பெயர்களில் இறுக்கப்பட்டது போதாதென்று, ஊழியம் என்ற பெயரால் உடலுழைப்பும் கூலியின்றிப் பெறப்பட்டது. தோம்பிலே பெயரை ஏற்றுபவன் அரசின் ஆள். முதுமையைக் காட்டி நீக்கும்படி மன்றாட வேண்டியவனோ குடிமகன்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்த முரண்பாடு சட்டவடிவமே பெற்றது. டொரிங்டன் தேசாதிபதி 1848இல் துப்பாக்கி, நாய், கடை என்பவற்றின்மீதெல்லாம் வரி விதித்தான். மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பல வரிகள் கைவிடப்பட்டன. வீதிச் சட்டம் மட்டும் நிலைத்தது. 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும். அன்றேல் பணம் கட்ட வேண்டும். தோட்டத்துரைக்கும் ஏழைக் குடியானவனுக்கும் ஒரே தலை, ஒரே தொகை!

55ஐக் கடந்தவனுக்குச் சட்டம் விலக்களித்தது உண்மையே. ஆனால் பிறப்புப் பதிவு ஒழுங்காக வேரூன்றாத அக்காலத்திலே, கரைவலை இழுத்தவனும் புகையிலைக்கு நீர் இறைத்தவனும் தன் வயதை எதனால் நாட்டுவான்? சாதக ஓலை உள்ளவன் அதைக் காட்டலாம். அதுவும் இல்லாதவனுக்கு விதானையாரின் வாய்ச்சொல்லே துணை. விதானையாரோ நிலமும் சாதியும் உடையவர். அவர் தயவு யார்பக்கம் சாயும் என்பதை ஊகிக்கப் பெரும் ஆராய்ச்சி வேண்டியதில்லை. எழுத்தறியாதவன் பெத்திசம் எழுதுபவனிடமும் நொத்தாரிசிடமும் புறக்டரிடமும் சென்றான். விலக்குப் பெறவும் காசு வேண்டியிருந்தது!

1932இல் இலங்கைக்கு வருமானவரி வந்தது. காரைநகரார் தென்னிலங்கைப் பட்டினங்களிலே கடை நடத்திய காலம் அது. மலாயாவில் உத்தியோகம் பார்த்தோர் ஓய்வூதியத்துடன் யாழ்ப்பாணம் திரும்பிய காலமும் அதுவே. பெருங்கடை முதலாளிக்குக் கணக்காளர் இருந்தார். தனித்த ஓய்வூதியருக்கோ ஊர்ப்பள்ளி ஆசிரியரே கணக்காளர். ஆங்கிலக் கடிதத்தை வாசித்துப் பொருள் சொன்னவரும் அவரே. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபின் அந்த ஆசிரியருக்கும் விளங்காத மொழி அரசாங்க மொழியாயிற்று. 1963இல் விதானை முறை ஒழிந்து கிராம சேவகர் வந்தார். பதவியின் பெயர் மாறிற்று. படிவத்தின் முன் முதியவர் கைநடுங்கி நிற்பது மாறவில்லை.

1991இல் போர் காரைநகரைப் பெயர்த்தெறிந்தது. உறுதிகளும் கணக்கேடுகளும் வீட்டோடு போயின. பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் வேரூன்ற, திரும்பிவந்த முதியோர் பலர் வங்கி வட்டியை நம்பித் தனித்திருக்கின்றனர். 2023இல் அந்த வட்டியிலிருந்து நூற்றுக்கு 5 வீதம் முன்கூட்டியே பிடிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அது 10 வீதமாயிற்று. ஆண்டு வருமானம் 18 இலட்சத்திற்குள் உள்ளவர் வங்கியிடம் உறுதிக்கூற்றுக் கொடுத்து விலக்குப் பெறலாம். வரி தானாகவே பிடிக்கப்படுகிறது; விலக்கோ கேட்டால்தான் கிடைக்கிறது. தோம்பின் தருக்கம் கணினிக்குள் புகுந்து வாழ்வதை இங்கே காண்கிறோம்.

இது மாற்றவியலாத விதியன்று. அமெரிக்காவில் 60 வயது கடந்தோருக்கு வரிக்கணக்கில் இலவசமாக உதவும் தொண்டர்களுக்கு அரசு பொருளுதவி செய்ய 1978ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. இந்தியாவில் 2021இல், ஓய்வூதியமும் அதே வங்கியின் வட்டியும் மட்டுமே உள்ள 75 வயதினரின் கணக்கை வங்கியே முடிக்கலாம் என்றும், அவர் தனியே படிவம் தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்றும் விதித்தனர். முதலாளித்துவ நாடுகளே இவ்வளவு செய்திருக்க, இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் கண்ட இலங்கை ஏன் செய்யலாகாது?

பிரதேச செயலகத்திலே வாரம் ஒரு நாள், தமிழ் அறிந்த வரி அலுவலர் ஒருவர் முதியோருக்காக அமரட்டும். வயதும் வருமானமும் அறிந்த வங்கி, முதியவர் கேட்குமுன்னரே உறுதிக்கூற்றுப் படிவத்தை அவர் கையில் கொடுக்கட்டும். அதுவரை ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊர் வாசிகசாலைகளிலே ஒரு மேசையை ஒதுக்கலாம். அங்கே நிரப்பும் ஒவ்வொரு படிவமும் ஓர் உண்மையை ஊருக்கு உணர்த்தட்டும்: முதியவர் கேட்பது தயவையன்று, வாழ்நாளெல்லாம் வரியாகவும் வியர்வையாகவும் தாம் செலுத்தியதன் பேரிலான உரிமையையே.